தாரம் என்ற ஒரு சொல்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், நாகபுரியில் காது பரிசோதனை செய்யும் ஒரு சிறிய அறையில், இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பரிசோதனை செய்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கருவியைத் தொடுவதற்கு முன், "அங்கிள்ஜி, ஆப் ஊஞ்சா சுன்தே ஹைன் க்யா?" என்று கேட்டாள். ஹிந்தியும் மராத்தியும் புழங்கும் ஊரில் நாற்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். இருந்தும், உயர்ந்த ஸ்வரங்கள் காதில் விழுகின்றனவா என்று கேட்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். "இல்லை அம்மா, அதுதான் விழவில்லை" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். ஹிந்தியில் 'ஊஞ்சா சுன்னா' என்றால் காது மந்தம் என்று அர்த்தமாம். உயர்த்திச் சொன்னால்தான் கேட்கும் என்பதால் வந்த வழக்கு. அவள் கேட்டது ஒன்று, நான் பதில் சொன்னது வேறொன்று. ஆனால் இரண்டுமே என் விஷயத்தில் உண்மை என்று அடுத்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

என் ஆத்துக்காரி சங்கீதம் சொல்லிக்கொடுப்பவள். எங்கள் அகத்தில் காலை வேளையில் தம்புரா ஒலிக்காத நாள் குறைவு. ஒரு வருஷமாக அந்தத் தம்புரா எனக்குப் 'பழையது' போலக் கேட்டது. தந்தி மாற்ற வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், பதில் சொல்லவில்லை. தந்தி சரியாகத்தான் இருந்தது என்பது பரிசோதனைக்குப் பிறகு எனக்கே விளங்கியது. எனக்குப் போனது தார ஸ்தாயி என்று நினைத்துக்கொண்டேன். அதையே மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்ததில், 'தாரம்' என்ற அந்தச் சொல்லையே கொஞ்சம் துருவிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை!

சின்ன வயதில் எங்கள் கிராமத்தில் பாட்டு வாத்தியார் மந்த்ர ஸ்தாயி, மத்ய ஸ்தாயி, தார ஸ்தாயி என்று சொல்லக் கேட்டபோது நானாகவே ஒரு வியாக்யானம் செய்துகொண்டேன். மந்த்ர ஸ்தாயி என்பது சாஸ்திரிகள் மந்திரம் சொல்லும் அடிக்குரல். தார ஸ்தாயி என்பது பெண்டுகளின் குரல். தாரம் என்றால் மனைவி அல்லவா! குற்றம் என்னுடையதல்ல, நமது லிபியினுடையது. வடமொழியில் மனைவியைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து வேறு, உச்ச ஸ்வரத்தைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'தா'. (அந்த மனைவிச் சொல் வடமொழியில் ஆண்பாலில், அதுவும் பன்மையில்தான் வரும் என்பது ஒரு வேடிக்கை.) 'தாரதம்யம்' என்கிறோமே, அதிலும் நமது தாரம் இல்லை. அது 'தர', 'தம' என்ற ஒப்பீட்டு விகுதிகளிலிருந்து பிறந்தது.

நமது தாரத்துக்கு வருவோம். நம்மில் பெரும்பாலோர் யஜுர்வேதிகள். அந்த சாகையின் உச்சரிப்பு இலக்கணமான தைத்திரீய ப்ராதிசாக்யம், பேச்சுக்கு ஏழு ஸ்தானங்களைச் சொல்கிறது. பக்கத்தில் இருப்பவனுக்கும் கேளாத உபாம்சுவில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறி, மந்த்ரம், மத்யமம், தாரம் என்ற மூன்றில் முடிகிறது. மந்த்ரம் மார்பில், மத்யமம் கண்டத்தில், தாரம் சிரசில். பாணினீய சிக்ஷை இதையே நாளின் பொழுதுகளோடு சேர்க்கிறது. காலையில் மார்பிலிருந்து புலியின் உறுமல் போல, மத்தியானம் தொண்டையிலிருந்து சக்ரவாகத்தின் கூவல் போல, மூன்றாவது ஸவனத்தில் தலையிலிருந்து மயில், அன்னம், குயில் போல ஓத வேண்டும் என்கிறது. விடியற்காலையில் எழுந்தவுடன் உச்சத்தில் கத்தினால் தொண்டை என்ன ஆகும் என்பது பாடுகிறவர்களுக்குத் தெரியும். யாகத்துக்காக எழுதியதானாலும் குரல் வைத்தியருக்கும் பொருந்தும் விதி.

பரதரின் நாட்டிய சாஸ்திரம் அதே மூன்று இடங்களுக்கு வேறொரு உபயோகம் சொல்கிறது. தூரத்தில் இருப்பவனை அழைக்க சிரசு, அவ்வளவு தூரத்தில் இல்லாதவனுக்குக் கண்டம், பக்கத்தில் இருப்பவனுக்கு மார்பு. இங்கேயே ஒரு சிக்கல் நுழைந்துவிடுகிறது என்பதை விஞ்ஞானம் படித்தவர்கள் கவனிப்பார்கள். தூரத்தில் உள்ளவனுக்கு வேண்டியது ஒலியின் பலம். ஸ்வரத்தின் உயரம் என்பது வேறு விஷயம். ஒரு தந்தி விநாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பது உயரம். எவ்வளவு அகலமாக அதிர்கிறது என்பது பலம். நான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தபோது முதல் வாரமே பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் மனிதக் குரலில் இவ்விரண்டும் கைகோத்துக்கொண்டுதான் வரும். உரக்கக் கூப்பிடுகிறவன் தன்னை அறியாமல் ஸ்வரத்தையும் ஏற்றிவிடுகிறான். ஹிந்தியின் 'ஊஞ்சா' இரண்டுக்கும் பொதுவாக இருப்பதில் வியப்பில்லை.

இந்தச் சிக்கலை நம்மவர்கள் கவனிக்காமல் விடவில்லை. பாணினி, உயர்ந்து ஒலிப்பது உதாத்தம் என்று ஒரு சூத்திரம் செய்தார். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பதஞ்சலி தமது மஹாபாஷ்யத்தில் அதற்கு ஒரு ஆட்சேபம் எழுப்புகிறார். உயர்வு, தாழ்வு என்பதற்கெல்லாம் நிலையான பொருள் ஏது? ஒருவனுக்கு உயர்ந்தது இன்னொருவனுக்குத் தாழ்ந்தது. ஒருவன் அத்யயனம் பண்ணிக்கொண்டிருக்கிறான். ஒருவர் வந்து, ஏனப்பா இப்படிக் கத்துகிறாய், மெதுவாகச் சொல் என்கிறார். அதே ஆளை, அதே நிலையில், இன்னொருவர் பார்த்து, ஏன் பல்லுக்குள்ளேயே முணுமுணுக்கிறாய், உரக்கச் சொல் என்கிறார். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தேன். அன்று காலைதான், புணேயில் இருக்கும் பெண்ணோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, "ஏன்னா, ஊருக்கே கேக்கறாப்ல கத்தறேள்?" என்று ஆத்துக்காரி சொல்ல, மறுமுனையில் பெண், "அப்பா, கொஞ்சம் உரக்கப் பேசுங்கோ, ஒண்ணும் காதுல விழலை" என்றாள்.

பதஞ்சலி சும்மா கேள்வி கேட்டுவிட்டுப் போகிறவர் அல்லர். உயர்வை அளக்க வேண்டுமானால் அதே இடத்துக்குள் அளக்க வேண்டும் என்று முடிக்கிறார். மார்பென்றால் மார்புக்குள், கண்டமென்றால் கண்டத்துக்குள். அவனவனுடைய மேல்பாகம், அவனவனுடைய கீழ்பாகம். உயர்ந்த ஸ்வரம் எதனால் உண்டாகிறது என்பதற்கும் காரணம் சொல்கிறார்: அங்கங்கள் இறுகுவது, குரல் கடினப்படுவது, கண்டத்துளை குறுகுவது. குரல் நாண்கள் இழுபட்டு இறுகினால் அதிர்வெண் கூடும் என்று இன்று சொல்வதிலிருந்து இது வெகு தூரத்தில் இல்லை. இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இன்று நாம் யஜுர்வேதம் ஓதும்போது உதாத்தம் நடுவில் நிற்கிறது, உச்சத்தில் கேட்பது ஸ்வரிதம். 'உயர்ந்தது' என்று பெயர் வாங்கியது ஒன்று, உயர்ந்து ஒலிப்பது இன்னொன்று.

தமிழுக்கு வந்தால் பெயர்களே வேறு. சிலப்பதிகாரத்தில் மூன்று ஸ்தாயிகளுக்கும் மெலிவு, சமன், வலிவு என்று பெயர். அதாவது உச்ச ஸ்தாயிக்குப் பெயர் 'வலிவு', பலம். 'தாரம்' என்ற சொல்லும் பழந்தமிழ் இசையில் உண்டு. ஆனால் அது ஸ்தாயி அன்று, ஒரு ஸ்வரம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழில் கடைசி, நமது நிஷாதம். பிறகு 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் ஆனாய நாயனார் குழல் வாசிப்பதை வர்ணிக்கும்போது மந்தரம், மத்திமம், தாரம் என்று மூன்று ஸ்தாயிகளையும் வடமொழிப் பெயராலேயே சொல்கிறார். ஆக, தமிழில் தாரம் என்று கண்டால், ஏழில் ஒன்றா, மூன்றில் ஒன்றா என்று இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

'வலிவு' என்ற பெயரைப் பற்றி எனக்கு ஒரு ஊகம் உண்டு. புல்லாங்குழலில் விரல்களை எடுக்காமல், ஊதும் காற்றின் வேகத்தை மட்டும் கூட்டினால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே தாவிவிடும். மெலிந்து ஊதினால் கீழ், வலிந்து ஊதினால் மேல். குழல்காரனுக்கு வலிவு என்ற பெயர் உவமை இல்லை, கண்கூடு. வேதம் ஓதுகிறவனுக்கு அதே உச்சம் தலையில் அதிர்கிறது, அதனால் 'சிரசு' என்கிறான். ஸ்வரத்துக்கு மேல், கீழ் என்று உண்மையில் ஏது? அவரவர் உடம்பும் வாத்தியமும் எப்படி உணர்த்தினவோ அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதை முதலில் கணக்காகச் சொன்னவர்களில் சார்ங்கதேவர் எனக்குப் பிடித்தவர். 13ஆம் நூற்றாண்டில் தேவகிரியில், யாதவ மன்னன் சிங்கணனின் அரசில் கணக்கு இலாகாவின் தலைமை அதிகாரியாக இருந்தவர். அவருடைய பாட்டனார் காஷ்மீரத்திலிருந்து தெற்கே வந்து குடியேறியவர். பிழைப்புக்காக இடம் பெயர்ந்த குடும்பம், பகலில் கணக்கு, மற்ற நேரத்தில் சங்கீதம். நமது வாசகர்கள் பலருக்குப் பரிச்சயமான ஜாதகம்தான். நானும் தணிக்கை இலாகாவில் 35 வருஷம் இருந்தவன். ஔரங்காபாதுக்கு (2023 முதல் சத்ரபதி சம்பாஜிநகர்) வேலையாகப் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவகிரிக் கோட்டையில் மூச்சு வாங்க ஏறியிருக்கிறேன். அப்போது சார்ங்கதேவர் யார் என்றே எனக்குத் தெரியாது. இப்போது வருத்தமாக இருக்கிறது.

அவருடைய சங்கீத ரத்னாகரம், இதயத்தில் 22 நாடிகள் குறுக்காக இருக்கின்றன, அவற்றிலிருந்து 22 சுருதிகள் பிறக்கின்றன, கண்டத்திலும் சிரசிலும் அப்படியே என்கிறது. இந்த நாடிகளை எந்த டாக்டரும் அறுத்துப் பார்த்துக் காட்ட முடியாது. அதை விட்டுத் தள்ளலாம். விட முடியாதது அடுத்து வரும் சொல்: ஒவ்வொரு ஸ்தானமும் முந்தியதைப்போல் இரட்டிப்பு. மந்த்ரத்தைப்போல் இரண்டு மடங்கு மத்யம், மத்யத்தைப்போல் இரண்டு மடங்கு தாரம். விநாடிக்கு இத்தனை அதிர்வு என்று எண்ணும் கருவி எதுவும் இல்லாத காலம். தந்தியைச் சரிபாதியில் அழுத்தினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் பேசும் என்ற அனுபவம் இருந்தது. கணக்குப் பிள்ளையின் கையில் அது விகிதமாகிவிட்டது. இன்றைய இயற்பியலும் அந்த இரண்டை மாற்றவில்லை.

வடக்கே இந்தச் சொல்லுக்கு இன்னொரு கூட்டாளி சேர்ந்தான். பாரசீகத்தில் 'தார்' என்றால் தந்தி, கம்பி. ஸிதார் என்பதில் 'ஸி' (ஸெஹ்) என்பது மூன்று, 'தார்' என்பது தந்தி. ஹிந்தியில் வடமொழித் தாரமும் கடைசி அகரத்தை இழந்து 'தார்' ஆகிவிட்டது. ஆகவே 'தார் ஸப்தக்' என்று ஹிந்துஸ்தானிக்காரர் சொல்லும்போது அது உச்ச ஸ்தாயி, 'தார் டூட் கயா' என்றால் தந்தி அறுந்தது. பிறகு தபால் இலாகாவின் தந்தி வந்தது. அதற்கும் ஹிந்தியில் 'தார்' என்றே பெயர். தமிழில் நாம் என்ன செய்தோம்? வீணைத் தந்தியின் பெயரையே அதற்கும் கொடுத்தோம். இரண்டு பாஷைக்காரர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமலேயே கம்பிச் செய்திக்கு வாத்தியத்தின் தந்தியைப் பெயராக வைத்தது எனக்கு இன்றும் ஆச்சரியம். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றது. அது வந்தால் வாசலிலேயே அழுகை ஆரம்பிக்கும் அந்தக் காலம், பேரன் பேத்திகளுக்குச் சொன்னாலும் புரிவதில்லை.

1943இல் ஹிந்திக் கவிஞர் அக்ஞேய, முக்திபோத் முதலிய ஏழு பேருடைய கவிதைகளைத் தொகுத்து 'தார் ஸப்தக்' என்றே பெயர் வைத்து வெளியிட்டார். ஸப்தக் என்பது ஏழின் கூட்டம். ஏழு கவிகள், ஏழு ஸ்வரங்கள், குரலோ உச்சம். பெயரிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. புதுக்கவிதைக்கு அங்கே வழி திறந்த நூல் அது.

கணக்கு இலாகாவையும் தாரையும் பேசிக்கொண்டு சர் சி.வி. ராமனை விட்டால் பாவம் வரும். 1907இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாகச் சேர்ந்தவர், ரங்கூனுக்கும் பிறகு எங்கள் நாகபுரிக்கும் மாற்றலாகி, மறுபடி கல்கத்தா போனவர். 1917 வரை அரசாங்க உத்தியோகம்தான். 1909இல் அவர் எழுதிய ஒரு சிறு கட்டுரையின் விஷயம் ஏக்தாரா, பிச்சைக்காரர்கள் மீட்டும் ஒற்றைத் தந்தி வாத்தியம். 1921இல் தம்புராவையும் வீணையையும் பற்றி எழுதினார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டிய மேல்ஸ்வரங்கள் எழக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. நமது தம்புராவும் வீணையும் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்று அவர் சோதித்துக் காட்டினார். காரணம் அந்த வளைந்த குதிரை, அதன்மேல் தந்திக்கு அடியில் செருகும் ஒரு நூலிழை. 'ஜீவா' என்று நம்மவர்கள் அதற்குச் சும்மாவா பெயர் வைத்தார்கள்!

பதஞ்சலியின் கேள்விக்கு, அதாவது எவனுடைய உயர்வு என்ற கேள்விக்கு, கடைசியில் ஹார்மோனியப் பெட்டிதான் ஒருமாதிரி பதில் சொன்னது. 'அவர் ஒரு கட்டையில் பாடுவார், இவள் ஐந்தரைக் கட்டை' என்கிறோமே, அந்தக் கட்டைகள் அந்தப் பெட்டியினுடையவை. வடக்கே 'காலீ ஏக்', 'ஸஃபேத் சார்' என்று கறுப்பு வெள்ளையாகவே சொல்வார்கள். அதே பெட்டி நமது சுருதிகளைக் கெடுக்கிறது என்று 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தள்ளி வைத்து, 1971இல்தான் மனம் இரங்கியது. அதற்கெல்லாம் முன்பு, ஓய்வு பெற்ற டெபுடி கலெக்டர் கே.பி. தேவல் என்பவர், கிரானா கரானாவின் அப்துல் கரீம் கானைப் பாட வைத்துச் சுருதிகளை அளந்து, 1910இல் 22 சுருதிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கான் ஸாஹேபின் மெல்லிய உச்சக் குரலைப் பழைய இசைத்தட்டுகளில் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அவர் 1937இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில், சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் காலமானார்.

இனி என் கணக்கு. அந்தப் பெண் கொடுத்த வரைபடத்தில், விநாடிக்கு 1000 அதிர்வு வரை என் காது தேவலை. 2000இல் சரிய ஆரம்பித்து 4000இல் பள்ளத்தில் விழுகிறது. வீட்டுக்கு வந்து பேப்பர் பேனா எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஆத்துக்காரியின் சுருதி ஐந்தரைக் கட்டை. அவளுடைய மத்ய ஷட்ஜம் ஏறக்குறைய 208. தார ஷட்ஜம் அதைப்போல் இரண்டு மடங்கு, சுமார் 415. அவள் எட்டிப் பிடிக்கும் தார பஞ்சமம் 623. என் காது சரியும் இடத்துக்கு அது எங்கோ கீழே இருக்கிறது! ஆக, எனக்குத் தார ஸ்தாயி போகவே இல்லை. தம்புராவில் தானாக எழும் காந்தாரம்கூட நன்றாகவே கேட்கிறது. போனது அதற்கும் மேலே ஆயிரக்கணக்கில் மினுங்கும் மேல்ஸ்வரங்கள், ஜீவா கிளப்பிவிடும் அந்தப் பளபளப்பு. பேச்சில் 'ஸ', 'ச' போன்ற எழுத்துகளின் கூர்மையும் அங்கேதான் இருக்கிறதாம். சாவி எங்கே என்று அவள் கேட்டால் காபி ஆயிற்று என்று நான் பதில் சொல்வது அதனால்தான்.

வடமொழி அகராதியைப் பார்த்தால் தாரத்துக்கு உச்ச ஸ்வரம் என்பதோடு வேறு அர்த்தங்களும் வரிசையாக நிற்கின்றன: ஒளிர்வது, முத்தின் தெளிவு, வெள்ளி, நட்சத்திரம். பரதரும் தாரத்துக்கும் மேலான உச்சத்துக்கு 'தீப்தம்', அதாவது சுடர்வது, என்றே பெயர் தருகிறார். ஸ்வரத்தின் உயரத்துக்கும் ஒளிக்கும் என்ன சம்பந்தம் என்று முன்பு நினைத்திருப்பேன். இப்போது அப்படிக் கேட்க மாட்டேன். எனக்குத் தாரம் இருக்கிறது, அதன் பளபளப்பு இல்லை. காதுக்கு மெஷின் வைத்த பிறகு அதில் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. பேச்சுக்காகச் செய்த மெஷின் தம்புராவைக் கொஞ்சம் தகரமாக்கியது. அந்தப் பெண்ணிடமே மறுபடி போய், சங்கீதத்துக்கென்று தனியாக ஒரு அமைப்பை வைத்துத் தரச் சொன்னேன். இப்போது தேவலை.

இன்னொரு தாரம் பாக்கி இருக்கிறது. மந்த்ர சாஸ்திரத்தில் தாரம் என்றால் பிரணவம். கடத்தி விடுவது என்ற பொருள் கொண்ட தாதுவிலிருந்து வந்தது. காசியில் உயிர் விடுகிறவனின் வலது காதில் விச்வநாதர் ஓதுவதாகச் சொல்லும் தாரக மந்திரமும் அந்த வழியில் வந்ததுதான். உச்சத்தைக் குறிக்கும் சொல்லும், ரகசியமாகக் காதில் ஓதப்படுவதன் பெயரும் ஒன்றாய் வந்து நிற்கின்றன. எனக்கு மோசமாக இருப்பது வலது காது. வருகிற கார்த்திகையில் நாங்கள் இருவரும் காசி போவதாக இருக்கிறோம். இதை அவளிடம் சொன்னபோது, "கங்கா ஸ்நானத்துக்கு மெஷினைக் கழட்டினா, கரை ஏறின உடனே மாட்டிக்கோங்கோ" என்றாள். பேட்டரி இரண்டு பாக்கெட் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறாள்.